தூங்கிப்போன நீலக்கண்

விரல்களை மறுபடியும் மோந்து பார்த்தேன். வாடை போகவில்லை. சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவினேன். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தேன். அப்படியும் நகக்கண்ணுக்குள் இருந்து குளோரின் வாடை வந்துகொண்டே இருக்கிறது. நீ இருந்திருந்தால் "நீச்சல் குளத்து வாடை" என்று கண்ணை மூடி இழுத்திருப்பாய். நாம் இரண்டு பேருமே நீச்சல் குளத்துப் பக்கம் போனதில்லை. ஆனாலும் அப்படித்தான் சொல்வாய்.

போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தை வைத்து எழுதுகிறேன். அம்மா பக்கத்துப் பாயில் தூங்குகிறார். ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும், அதற்காக நாலரைக்கு எழுந்துவிடுவார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லப்போகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதை முதலில் கேட்க வேண்டியவள் நீதான். உன் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

பயப்படாதே என்று எழுத வந்தது. எழுதினால் பொய்யாகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? அந்த பஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன். உனக்கு நினைவிருக்கும்.

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அந்த பாய் கடைக்கு நாம் போன சனிக்கிழமை அது. முன்பக்கம் ஆணியும் குழாயும், பின்பக்கம் மீன்தொட்டிகளும் வைத்திருப்பாரே, அந்தக் கடை. பள்ளி அறிவியல் போட்டிக்கு நாம் எடுத்த தலைப்பு தண்ணீர். நம் தோட்டத்துத் தண்ணீரைவிட வேறு என்ன தலைப்பு நமக்குக் கிடைக்கும்? ரப்பர் பால்மரக் காலத்தில் கட்டிய மலைத்தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பால்மரம் எல்லாம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்டம் இரண்டு கை மாறிவிட்டது, அரசாங்கக் குழாய் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. லயத்து வரிசை வீடுகளுக்கு இன்றைக்கும் ஆற்றுத் தண்ணீர்தான். மழை பெய்தால் குழாயில் தேத்தண்ணீர் வருகிறது என்று உன் அப்பா கேலி செய்வார். வீடுகளில் காய்ச்சிக் குடிக்கிறோம். பால்வெட்டப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகையில் நடக்கும் பாலர்பள்ளியில் பவானி அக்கா ஒருத்தியே சமைத்து, ஊட்டி, பாடம் சொல்லி, பத்தொன்பது பிள்ளைகளுக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்க முடியவில்லை. அங்கேதான் நம் கருவியை வைக்க வேண்டும் என்று நீ முதல் நாளே முடிவு செய்துவிட்டாய்.

நீ கேட்டது மீன்குளத்துக்குப் போடும் ஊதாக்கதிர் விளக்கு. ஒரு கறுப்புக் குழாய், அதற்குள் விளக்கு, விளக்கைச் சுற்றித் தண்ணீர் ஓடும். பாய் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல மீன்குளம் இருக்கா தங்கச்சி?"

"இல்ல பாய். பிள்ளைங்க குடிக்கிற தண்ணிக்கு."

"மீனுக்குப் போடுறத மனுசனுக்குப் போடுறீங்க. அப்ப மனுசனுக்குப் போடுறத எதுக்குப் போடுவீங்க?"

"அதையும் மனுசனுக்கே போடுவோம் பாய். ரெண்டும் சேர்த்து."

அவர் சிரித்துக்கொண்டே கறுப்புக் குழாயின் ஓரத்தில் இருந்த சின்ன நீலக் கண்ணாடியைக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். "விளக்க நேரா பார்க்கக் கூடாது லா, கண்ணு கெட்டுப்போயிடும். இந்தக் கண்ணாடியில நீலமா தெரிஞ்சா எரியுதுன்னு அர்த்தம். தெரியலன்னா எரியல. அவ்வளவுதான்."

திரும்பி வரும் பஸ்ஸில் நீ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாய். நானும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் சுருட்டிய நாளிதழால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். நம் தோட்டத்து முச்சந்தி எப்போதோ தாண்டிப் போய்விட்டது.

"நீ முழிச்சிருக்கேன்னுதானேடி நான் தூங்குனேன்."

"நான் தூங்குனதே நீ முழிச்சிருக்கேன்னுதான்."

உன் அம்மா அன்று இரவு முழுக்க நம்மை வைதார். நீ மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் உன் நோட்டில் ஒரு வரி எழுதினாய். அதைத்தான் பிறகு ஈப்போவில் நடந்த போட்டியிலும் சொன்னாய். நடுவர் ஒருவர், எதற்கு இரண்டு முறை கிருமியைக் கொல்ல வேண்டும், ஒன்று போதாதா என்று கேட்டார். நீ அந்த பஸ் கதையைச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், "ஒன்னு தூங்கினா இன்னொன்னு முழிச்சிருக்கணும் சார்" என்றாய். நமக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அந்த வரியை இந்த ஒரு வாரமாக நான் எத்தனை முறை நினைத்துக்கொண்டேன் என்று எண்ணவில்லை.

போட்டிக்கு முன்னால் நாம் போட்ட சண்டையும் நினைவுக்கு வருகிறது. கருவியை முதலில் பொருத்தியவள் நான். தண்ணீரில் குளோரினைக் கலந்துவிட்டு, பிறகு விளக்குக் குழாய்க்குள் விட்டேன். எல்லாம் சேர்ந்தால் சரி என்று நினைத்தேன். நீ வெளியே வந்த தண்ணீரில் ஒரு மூடி பிடித்து, சோதனைச் சொட்டுகளை விட்டுப் பார்த்தாய். குளோரின் இருந்தால் தண்ணீர் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து வர வேண்டும். வெளிறிப்போய், கழுவின சாயம் போல இருந்தது.

"வெளிச்சம் குளோரினைத் தின்னுதுடி. வெயிலும் அப்படித்தான் தின்னும். நீ சோத்த வடிச்சு பூனைக்கு வெச்சிட்டு, வீட்டு ஆளுங்கள சாப்பிடக் கூப்பிடுற."

எனக்குக் கோபம். "அப்ப குளோரின் மட்டும் போதும், விளக்க எடுத்துடு" என்றேன்.

"குளோரினைக் குடிச்சிட்டு ஏப்பம் விடுற கிருமி இருக்குடி. ஓடு தடிச்சது. அதை விளக்குதான் அடக்கும்."

"அப்ப விளக்கு மட்டும் வை."

"விளக்கு வாசல்ல காவல் நிக்கிற ஜாகா. அவனைத் தாண்டுற வரைக்கும்தான் அவன் பொறுப்பு. அப்புறம் தண்ணித் தோங்குல கை விட்டா, கோப்பை அழுக்கா இருந்தா, யாரு பார்ப்பா? குளோரின்தான் கூடவே கடைசி வரைக்கும் வரும்."

அப்படித்தான் வரிசை முடிவானது. முதலில் மணலும் துணியும் கொண்ட வடிகட்டி, ஏனென்றால் கலங்கல் தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது. அடுத்து விளக்கு. கடைசியில் தண்ணீர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்த் தோங்கில் வந்து விழுந்த பிறகு குளோரின். தோங்கின் அடியில் பிள்ளைகளுக்கு ஒரு குழாய். ஆணியில் ஒரு நோட்டு. காலை ஆறு மணிக்கு, பள்ளி பஸ் வருவதற்கு முன்னால், ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். குளோரின் ஊற்றி, அரை மணி நேரம் பொறுத்து, சொட்டு விட்டுப் பார்த்து, சிவந்தால் கையெழுத்து.

பிள்ளைகள் அந்தச் சின்னக் கண்ணாடிக்கு நீலக்கண் என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர் குடிக்கும் முன்னால் வரிசையாக அதற்கு வணக்கம் சொல்வார்கள். உன் தங்கைதான் தலைவி. "கண்ணு முழிச்சிருக்கு டீச்சர், குடிக்கலாம்" என்று அவள் கத்தினால்தான் மற்றவர்கள் கோப்பையை நீட்டுவார்கள். நீ அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தாய். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓய்வு நேரத்தில், பிள்ளைகள் குடிக்கும் அதே குழாயில் ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் பிடித்து, பூனைப் படம் ஒட்டி, எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் கொண்டுவந்து வைக்க வேண்டும். என்றைக்காவது தண்ணீர் கெட்டால் பழைய தண்ணீர் பேசும் என்று சொன்னாய். அம்மா அதை மாங்காய் ஊறுகாய்க்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, "குளிர்பெட்டியில வெறுந்தண்ணிய வெக்கிறதுக்கு ஒரு படிப்பா" என்பார்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டிங்கி. ஐந்து நாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நீ போன பிறகு தினமும் காலையில் நான்தான் போனேன். அலுப்பாக இருந்ததே இல்லை. நோட்டில் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து வரும்போது, நீ நேற்று வந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் தீர்ந்து புதுப் பக்கம் திருப்பிய நாளில்தான் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மாலை இடி இடித்தது. கோயில் அரசமரத்துக் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன், நீலக்கண் இருட்டாக இருந்தது. செருகியைப் பிடுங்கி மறுபடி செருகினேன். எரியவில்லை. நான் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தபோது உன் அம்மா தங்கையைக் கொண்டுவந்து விட்டார். பிள்ளை நேராகக் கண்ணாடியிடம்தான் ஓடினாள். பிறகு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா கண்ண மூடிட்டாளா?"

அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை இத்தனை மாதமும் வணக்கம் சொன்னது உனக்கு.

"இல்லடா குட்டி. கரண்ட் இல்ல. நாளைக்கு முழிச்சிடுவா" என்றேன்.

அன்று மாலை தீபாவளிக்குக் கட்டும் விளக்குச் சரத்தைப் பெட்டியில் இருந்து எடுத்தேன். நீலக் குமிழ் ஒன்றை வெட்டி, மின்கலத்தோடு சேர்த்து, கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு ஒட்டுநாடாவால் ஒட்டினேன். அழகாக எரிந்தது. அசல் விளக்கைவிடப் பிரகாசமாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். மறுநாள் உன் தங்கை கைதட்டினாள். பவானி அக்காவுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் முட்டாள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பாய்க்கு அழைத்தேன். "அந்த டியூப் கையில இல்ல தங்கச்சி, கோலாலம்பூர்ல இருந்து வரணும். ரெண்டு வாரம் ஆகும் லா" என்றார். சரி, இரண்டு வாரம்தானே, அதுவரை குளோரினைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம். ஒன்று தூங்கினால் இன்னொன்று முழித்திருக்கிறது. தினமும் சொட்டு விட்டேன், முன்னைவிடச் சிவப்பாக வந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டில் நான் பொய்யாக ஒரு கையெழுத்துக்கூடப் போடவில்லை, அதை நீ நம்ப வேண்டும். இரண்டு வாரம் முடிந்து விளக்கு வந்துவிட்டது என்று பாய் செய்தி அனுப்பினார். எனக்குப் பரீட்சை. அடுத்த சனிக்கிழமை மழை. அதற்கடுத்த சனிக்கிழமை வேறு ஏதோ. கண்ணாடி நீலமாகவே இருந்ததால், நாள் ஆக ஆக எனக்கே அது எரிகிற மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி அடுத்தடுத்து மூன்று நாள் மழை. பகலில் கொஞ்சம் வெயில், மாலையானால் மழை. வியாழக்கிழமை நான்கு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மறுநாள் ஏழு. மற்ற பிள்ளைகள் வீட்டில் படுத்துத் தேறி வருகிறார்கள். உன் தங்கைக்கு மட்டும் நிற்கவில்லை. ஈப்போவில் சேர்த்து, கையில் ஊசி போட்டு நீர் ஏற்றுகிறார்கள். இன்றோடு ஆறு நாள்.

லயத்தில் எல்லாரும் பவானி அக்காவைத்தான் சொல்கிறார்கள். பாலர்பள்ளியை மூடிவிட்டார்கள். அதை நடத்தும் கோயில் தலைவர் வந்து சமையலறையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனார். இனிமேல் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். அக்கா அழவில்லை. "நான் கைய கழுவாம ஒரு நாளும் ஒரு புள்ளைக்கும் ஊட்டுனதில்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் அம்மாவும் குழாயடியில், "அவ போட்ட மீகோரிங் நூடுல்ஸ்லதான் ஏதோ" என்றார். நான் பக்கத்தில் வாளி பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று மத்தியானம்தான் எனக்கு முழுசும் தெரிந்தது. ஆயாக்கொட்டகைப் படியில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாப்பாடு இல்ல பாப்பா. எனக்குத் தெரியும். நானும் அதேதான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்னும் ஆகல. நான் வீட்டுத் தண்ணிதான் குடிக்கிறேன், அது ஒன்னுதான் வித்தியாசம். ஆனா உங்க தண்ணியில என்ன இருக்கப்போவுது."

"தண்ணி நல்லாத்தான்க்கா இருக்கு" என்றேன்.

"கொஞ்ச நாளா வாடைதான் அதிகம். புள்ளைங்க மூக்கப் பிடிச்சிக்கிட்டு கீழ ஊத்துதுங்க. தாய்மாருங்களும் சத்தம் போட்டாங்க. நீ படிக்கிற புள்ள, உன்கிட்ட எதுக்கு வந்து சொல்லணும்? அதான் நீ பஸ் ஏறிப் போனதும் தோங்கு மூடிய தொறந்து வெயில்ல வெச்சிடுவேன். பத்து மணிக்குள்ள வாடை எல்லாம் போயிடும். எங்க அம்மா அப்படித்தான் செய்வாங்க. புள்ளைங்களும் நல்லா குடிச்சிச்சிங்க."

எனக்குக் காதுக்குள் ஏதோ இரைந்தது. வெயில் குளோரினைத் தின்னும் என்று நீ சொன்னது அந்த இரைச்சலுக்குள் கேட்டது.

"குளோரின் போயிடுமேக்கா."

"போனா என்ன பாப்பா. அதான் வெளக்கு எரியுதே."

நீ எப்படிப் பார்ப்பாய் என்று யோசித்தேன். அவள் விளக்கு முழித்திருக்கிறது என்று குளோரினைத் தூங்கவைத்தாள். நான் குளோரின் முழித்திருக்கிறது என்று விளக்கைத் தூங்கவிட்டேன். அந்த பஸ்ஸேதான். ஆறரை மணிக்கு நான் பார்த்த சிவப்பு உண்மைதான். ஆனால் பிள்ளைகள் குடித்தது பத்து மணிக்கு. அவள் செய்ததில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, கேட்டதும் சொல்லிவிட்டாள். பொய் ஒன்றே ஒன்றுதான், அது நான் ஒட்டிய நீலக் குமிழ். அது எரியாமல் இருந்திருந்தால் அக்கா ஒரு நாளும் மூடியைத் திறந்திருக்க மாட்டாள்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அக்கா என் தலையைத் தடவி, "நீ பயப்படாத, நாளைக்கி சுகாதார இலாகாவுல இருந்து வாராங்க. ஒன்பது மணிக்கு. தண்ணியையும் எடுத்துட்டுப் போவாங்களாம். தண்ணி நல்லா இருந்துச்சுன்னா என் சமையல்தான்னு எழுதிடுவாங்க, அவ்வளவுதான்" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். நேற்று என்கிறேன். நள்ளிரவு தாண்டிவிட்டது, அவர்கள் வரப்போவது இன்றைக்கு.

நேற்று மாலை நான் செய்ததுதான் என்னை இப்படி விரலை மோந்து பார்க்க வைக்கிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். தோங்கின் மூடியைத் திறந்து, மிச்சம் இருந்த குளோரினை எல்லாம் ஊற்றினேன். கையை விட்டே கலக்கினேன், கையெல்லாம் வழிந்தது. இனி எந்தப் போத்தலில் பிடித்தாலும் அந்தத் தண்ணீரில் அவர்கள் வழக்கமாகத் தேடும் கிருமி எதுவும் இருக்காது. யாரும் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. பாலர்பள்ளி பூட்டியிருப்பதால் எந்தப் பிள்ளையும் அதைக் குடிக்காது, அதை மட்டும் யோசித்துக்கொண்டேன். நீலக் குமிழையும் பிய்த்து எடுக்கத்தான் போனேன். என்னால் முடியவில்லை. மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மின்கலம் தீரப்போகிறது.

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்தார். கஞ்சித்தண்ணீர் இரண்டு கரண்டி குடித்தாளாம், அதையும் வாந்தி எடுத்துவிட்டாளாம். அவர் குரல் காய்ந்துபோயிருந்தது. பிறகு அவர் சொன்னதை நீ கேட்க வேண்டும்.

"டாக்டர் கேட்டாரும்மா, புள்ள என்ன தண்ணி குடிக்குதுன்னு. தண்ணியப் பத்திக் கவலையே வேணாம் டாக்டர், என் மூத்தவ செஞ்ச மிசின் இருக்கு, வெளக்கு, மருந்து ரெண்டும் இருக்கு, ஈப்போவுல பரிசு வாங்கினதுன்னு சொன்னேன். டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. அப்ப சாப்பாட்டுலதான் இருக்கும்னு எழுதிக்கிட்டாரு."

அவர் பெருமையாகச் சொன்னார். இந்த எட்டு மாதத்தில் உன்னைப் பற்றிப் பேசும்போது அவர் அழாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அழைப்பு முடிந்ததும் எடுத்துப் பிரித்தேன். தடித்த ஓட்டுக் கிருமி பற்றி நீ எழுதிய பக்கம். குளோரினுக்கு அது அசையாது. விளக்கு இல்லாவிட்டால் உள்ளே வந்துவிடும். வந்தால் நாள்கணக்கில் போக்கு நிற்காது, சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து, தேடிப் பார்த்தால்தான் தெரியும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். உன் தங்கையின் வயிற்றில் இருப்பது அதுதானா என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஆனால் தண்ணீர் சுத்தம் என்று எழுதிக்கொண்ட டாக்டர் அதைத் தேடமாட்டார் என்று பயமாக இருக்கிறது. நான் தோங்கில் ஊற்றியதால் இன்றைக்கு வருகிறவர்களும் அதையேதான் எழுதுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. பவானி அக்காவுக்கு வேலை போகும். உன் தங்கைக்கு என்ன ஆகும் என்பதை என்னால் எழுத முடியவில்லை.

அப்போதுதான் மாங்காய் ஊறுகாய்க்குப் பின்னால் இருக்கும் போத்தல் நினைவுக்கு வந்தது.

போன வாரத் திங்கட்கிழமை அவள்தான் கொண்டுவந்து வைத்தாள். பூனைப் படம் தலைகீழாக ஒட்டியிருக்கிறது. "எட்டல, நான் முக்காலி போட்டு ஏறுனேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பத்து மணித் தண்ணீர். அவள் தன் கையாலேயே பிடித்தது, அதே குழாயில் அவள் குடித்தது.

உன்னிடம் மறைத்துப் பயன் இல்லை. நான் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கழுவுதொட்டிக்குத்தான் போனேன். மூடியைத் திறந்துவிட்டேன். சாய்த்தால் போதும், பழைய தண்ணீர் எதுவும் பேசாது. அடியில் நூல் மாதிரி கொஞ்சம் மண் படிந்திருந்தது. அம்மா தூக்கத்தில் இருமினார். நான் அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பாதம் சில்லிட்டுப்போனது.

பிறகு ஒரே ஒரு மூடி அளவு மட்டும் ஊற்றி, சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவக்கும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. சிவக்கவில்லை. இளஞ்சிவப்புகூட வரவில்லை. ஒன்றும் விடாத தண்ணீர் மாதிரி அப்படியே இருந்தது.

மீதியை ஊற்றவில்லை. மூடியை இறுக்கி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போர்வைக்குள் வந்து உனக்கு எழுதத் தொடங்கினேன்.

இப்போது உன் அம்மாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வைவதற்கோ அடிப்பதற்கோ பயப்படவில்லை. உன் கருவி நன்றாகத்தான் இருந்தது, கெடுத்தது நான்தான் என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று பயம். டாக்டரிடம் அவரே திரும்பிப் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். உன் தங்கை வீட்டுக்கு வந்ததும் அவளிடமும் நான்தான் சொல்ல வேண்டும். அது தீபாவளி விளக்கு குட்டி, அக்கா இல்லை என்று. அதற்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் ஏதாவது பூனைக் கதை சொல்லி முடித்துவிடுவாய்.

மணி மூன்றே கால். முதலில் விடியும்வரை எழுதிக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் பவானி அக்கா பக்கத்தில் போய் நின்று, வருகிறவர்களிடம் போத்தலைக் கொடுத்துவிடலாம் என்று. ஆனால் ஒன்பது மணி வரைக்கும் நான் மட்டும் முழித்திருந்தால் போதாது. ஆறு மணி நேரத்தில் எனக்கு வேறு புத்தி வந்துவிடும், என்னை எனக்குத் தெரியும். மறுபடியும் கழுவுதொட்டிக்குப் போவேன். இன்னொரு ஆள் முழித்திருக்க வேண்டும். உன் அம்மா ஆஸ்பத்திரியில் எப்படியும் தூங்கியிருக்க மாட்டார். டாக்டருக்கு விடியும்முன் தெரிந்தால் நல்லது. முதலில் என் அம்மாவை எழுப்பிச் சொல்லிவிட்டு, பிறகு உன் அம்மாவை அழைப்பேன்.

போத்தல் மடியில் குளிர் விட்டுக்கொண்டிருக்கிறது. பூனை தலைகீழாகப் பார்க்கிறது. கை இன்னும் நாறுகிறது, அந்தக் கையாலேயே அம்மாவின் தோளைத் தொடப்போகிறேன். அம்மா முதலில் கேட்கப்போவது அதைத்தான், "என்னடி வாடை இது?"

அங்கிருந்து சொல்லத் தொடங்குவேன்.